பலகையில் ஒரே வார்த்தை

ஆங்கில டீச்சரின் அம்மாவுக்கு அன்று இதய ஆபரேஷன். லீவு கிடைக்கவில்லை. கவனமின்மையைக் குறிக்கும் சொற்களை நடத்திக்கொண்டிருந்தார். பலகையில் ‘இன்அட்டென்டிவ்’ என்று எழுதியபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை. போன் விடாமல் அதிர்ந்தது.

“மிஸ், அதே வார்த்தையையே திரும்பத் திரும்ப எழுதுறீங்க!” என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது.

“உங்களுக்கே கவனம் இல்லைன்னா பிள்ளைங்களுக்கு எப்படி வரும்?” என்றார் தலைமையாசிரியை.

“சாரி மேடம்” என்று பலகையை அழித்தார் டீச்சர்.

மணி அடித்ததும் வராந்தாவுக்கு ஓடித் தம்பியைப் போனில் கூப்பிட்டார்.

“உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாங்கக்கா. எத்தனை தடவை கூப்பிட்டேன்! இப்பதான் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க.”

“என்ன பேசணும்னாங்கடா?”

“தெரியலக்கா.”

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றார்.