ஒரிஜினல் தேக்கு

செல்லப்பன் பொய் பேசுகிறவர் அல்ல. செஞ்சி கூட்டு ரோட்டில் பதினெட்டு வருடமாக விதையும் பூச்சிமருந்தும் விற்கிறார். காலாவதியான மருந்தை ஒருவர் தலையிலும் கட்டியதில்லை. ஆனால் மகள் வெண்மதியின் கல்யாணத்தில் ஒரு பொய் சொன்னார். அதையும் தானாகச் சொல்லவில்லை, சொல்லும்படி ஆகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சீர்வரிசைக்குப் பீரோ வாங்கியாயிற்று, இன்னும் கட்டில் வேண்டும். “எனக்கு கட்டில் வேணாம் நைனா, படிக்க ஒரு டேபிள் சேர் வாங்கிக் குடு,” என்று வெண்மதி சொல்லிப் பார்த்தாள். அவள் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “டேபிள் சேரை எவனாவது சீரா வெப்பானா? ஆபீஸா தொறக்கப் போற?” என்று செல்லப்பன் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். விழுப்புரம் போய்ப் புதுத் தேக்குக் கட்டில் விலை விசாரித்தார். கேட்டதும் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

மறுநாள் திருவண்ணாமலை ரோட்டில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் ஹுசைன் பாயிடம் போனார். பாண்டிச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்த தேக்குக் கட்டில் அங்கே கிடந்தது. தலைமாட்டில் இரண்டு மயில்கள். ஒரு மயிலுக்கு மூக்கு இல்லை. கட்டிலுக்கு ஒரு கால் இல்லை. பாய் மாமரத்தில் ஒரு கால் கடையச் சொல்லிப் பொருத்தினார். எம்-சீல் வைத்து மயிலுக்கு மூக்கு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு தடவை பாலிஷ் ஏறியது. தை மாதம் கல்யாண மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தியபோது, போன வாரம் பிறந்த கட்டில் மாதிரி இருந்தது.

“ஆர்டர் குடுத்து செஞ்சதா?” என்று சம்பந்தி கேட்டார்.

“ஆறு மாசம் முன்னாடியே,” என்றார் செல்லப்பன்.

சம்பந்தியிடம் சொன்னதை மற்றவர்களிடம் மாற்றிச் சொல்ல முடியாது. பந்தி முடிவதற்குள் அதை ஐம்பது பேரிடமாவது சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆனபோது மரம் கேரளாவிலிருந்து வந்திருந்தது. மனைவி அம்மாக்கண்ணுவிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அவள் அதைத் தெருவில் மீதியிருந்தவர்களிடம் சொன்னாள்.

வைகாசியில் செல்லப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உரமூட்டையை நகர்த்தப் போய் வந்த வினை. இனிமேல் தரையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனக்கு எதற்குப் புதுக் கட்டில் என்று நேராக ஹுசைன் பாய் கடைக்கு வந்தார்.

பாய் எப்போதும் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொல்கிறவர். அன்று எழுந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

“இரும்புக் கட்டில் ஒண்ணு இருக்குதுண்ணே. இடுப்புக்கு அதான் நல்லது.”

“மரத்துல இல்லியா?”

“மரத்துல ஒண்ணும் இல்ல.”

“அப்ப அங்க படுதா போட்டு மூடியிருக்குதே, அது இன்னா?”

“அது உங்களுக்கு வேணாண்ணே.”

வேண்டாம் என்று சொன்ன பிறகு பார்க்காமல் போக செல்லப்பனால் ஆகாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுதாவைத் தூக்கினார். இரண்டு மயில்களும் அவரைப் பார்த்தன. ஒன்றின் மூக்கு எம்-சீல்.

பிறகு பாய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“போன மாசம் பாப்பாவும் மாப்பிள்ளையும் சின்ன யானை வண்டில ஏத்தினு வந்தாங்க. உங்களுக்கு போன் பண்ணலாம்னுதான் பாத்தேன். பண்ணி இன்னான்னு சொல்றது?”

“அது இன்னா சொல்லுச்சு?”

“எங்க நைனா ஆர்டர் குடுத்து செஞ்சது, ஒரிஜினல் தேக்கு, மூணு மாசம்தான் ஆவுதுன்னு சொல்லுச்சு.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் இன்னாண்ணே சொல்றது? ஒரு காலு மாங்கட்டைன்னு சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கும். பழசுன்னு வெலை கொறைச்சாலும் சந்தேகம் வரும். ஆமாம்மா, ஒரிஜினல் தேக்குதான்னு புது வெலை போட்டே எடுத்துகினேன். உங்க மரியாதை முக்கியம் இல்லியா?”

இப்படி ஒரு மனுஷனா என்று செல்லப்பன் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சி பாயின் அடுத்த வார்த்தை வரைக்கும் நீடித்தது.

“கோட்டை பக்கத்துல புதுசா லாட்ஜ் கட்டறாங்கல்ல, அந்த ஓனர் பாத்துட்டு போனாரு. முன்னால ஹால்ல போடணுமாம். கோட்டை பாக்க வர்றவங்க பழைய காலத்து கட்டில்னு போட்டோ எடுப்பாங்களாம். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னாரு.”

செல்லப்பன் அந்த ஹாலை நினைத்துப் பார்த்தார். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் கண்ணாடிக் கதவு. கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் அந்த வழியாகத்தான் தினமும் போவார்கள்.

“நானே எடுத்துக்கிறேன்,” என்றார்.

“பழைய வெலைக்குத் தர முடியாதுண்ணே. பாப்பாவுக்கு நான் புது வெலை குடுத்துட்டேன்.”

இப்படியாகச் செல்லப்பன் ஒரே கட்டிலை இரண்டாவது தடவை, முதல் தடவையைவிட அதிக விலைக்கு வாங்கினார். மரியாதைக்கு ஆன செலவு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் இறக்கியபோது அம்மாக்கண்ணு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“நம்ம வெண்மதிக்கு செஞ்ச மாதிரியே இருக்குதே?”

“அதே ஆசாரி செஞ்சது.”

“மயிலு மூக்கு கூட அதே மாதிரி.”

“ஒரே கை செஞ்சா ஒரே மாதிரிதான வரும்.”

அவள் மேலே கேட்கவில்லை. ஆனால் அவர் மனம் ஆறவில்லை. பிள்ளைக்கு என்ன கஷ்டமோ, சீரை விற்கும் அளவுக்கு என்ன வந்ததோ, மாப்பிள்ளை ரஞ்சித் ஏதாவது கடனில் மாட்டிக்கொண்டானோ என்று என்னென்னவோ தோன்றியது. மறுநாளே கடையை அம்மாக்கண்ணுவிடம் விட்டுவிட்டு வல்லத்துக்கு பஸ் ஏறினார்.

ரஞ்சித் வல்லத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. மாமனார் திடீரென்று வந்து நின்றதும் கையிலிருந்த போனைக் கீழே போட்டுவிட்டான். அது ஏற்கெனவே உடைந்த போன் என்பதால் நஷ்டமில்லை.

“வாங்க மாமா. சொல்லிட்டு வந்திருக்கலாமே.”

“சும்மாதான் மாப்ள. இந்தப் பக்கம் ஒரு வேலை.”

உள்ளே அறை மிகச் சின்னது. ஜன்னலோரமாக ஒரு மேசை. அதன்மேல் புத்தகங்கள், ஒரு தண்ணீர் பாட்டில், கலர் பேனாக்கள். வெண்மதி நாற்காலியிலிருந்து எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “வா நைனா,” என்றாள். நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்சம் பூசினாற்போலக்கூட இருந்தாள். கஷ்டப்படுகிறவள் மாதிரித் தெரியவில்லை. செல்லப்பனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு லேசாகக் கோபம் வந்தது.

“கட்டில் எங்கம்மா?”

மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கரையான் வந்துடுச்சு நைனா,” என்றாள் வெண்மதி. “அதான் மருந்து அடிக்கக் குடுத்திருக்கோம்.”

“தேக்குல கரையானா?”

“எங்களுக்கும் ஆச்சரியமாதான் மாமா இருந்துச்சு,” என்றான் ரஞ்சித்.

செல்லப்பன் பூச்சிமருந்துக்காரர். தேக்கைக் கரையான் தொடாது என்று ஊருக்கே சொல்கிறவர். ஆனால் அந்த மாங்கட்டைக் கால் அவர் கண்முன் வந்து நின்றது. கட்டில் தன் வீட்டில்தான் இருக்கிறது என்பதுகூட ஒரு கணம் மறந்துபோனது.

“எந்தக் காலுல?” என்று கேட்டுவிட்டார்.

வெண்மதி திகைத்தாள். “நாலு காலுலயும்,” என்றாள்.

நாலு காலிலும் என்றால் பொய்தான் என்று அவருக்கு நிச்சயமானது. “மருந்து நான் குடுத்தனுப்பறேன். வெளில வாங்காதீங்க,” என்றார். இருவரும் சரி சரி என்று வேகமாகத் தலையாட்டினார்கள். பேச்சை மாற்ற மேசையைத் தட்டிப் பார்த்தார்.

“இது எப்ப வாங்கினது? புதுசா?”

“புதுசுதான் நைனா. ரூமு சின்னது இல்லியா, இதுன்னா அடங்குது. அந்தக் கட்டில் இருந்தப்ப கதவு முழுசா தொறக்காது. கட்டில் மேல ஏறி அந்தாண்ட எறங்கினாதான் பீரோகிட்ட போவ முடியும்.”

மேசையின் ஒரு மூலையில், பாலிஷுக்கு அடியில், எம்-சீல் மெல்லத் தெரிந்தது. அந்தக் கைவேலையை அவருக்கு அடையாளம் தெரியும். காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். புது விலைக்கு எடுத்த கட்டிலின் நஷ்டத்தைப் புது விலைக்குக் கொடுத்த மேசையில் பாய் சரிக்கட்டியிருப்பார் என்பது, மேல்ஒலக்கூர் ரோடு திரும்பும்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஆடி பிறந்தது. வெண்மதியை அழைத்துவந்தார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவள், கூடத்தில் கிடந்த கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“உன்னுது மாதிரியே இல்ல?” என்றாள் அம்மாக்கண்ணு பெருமையாக. “அதே ஆசாரிதானாம். அம்மா வீட்லயும் ஒண்ணு, பொண்ணு வீட்லயும் ஒண்ணு. கரையான் வந்துச்சாமே, சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சும்மா,” என்றாள் வெண்மதி.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாடு ஆனதும் அம்மாக்கண்ணு பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். செல்லப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். வெண்மதி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நைனா, இது நம்ம கட்டில்தான?”

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்குத் தெரியும். நீ பாய் கடைல பாத்துட்டு மனசு கேக்காம திரும்ப வாங்கினு வந்திருக்க. வல்லத்துக்கு வந்தப்ப கூட ஏன் வித்தன்னு ஒரு வார்த்த கேக்கல.” அவள் கண் கலங்கியது. “நீ ஆறு மாசம் முன்னாடியே ஆர்டர் குடுத்து, கேரளா மரம் வரவெச்சு செஞ்சது. ஒரு டேபிளுக்காக வித்துட்டேன். வித்ததுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல நைனா. படிக்க உக்காந்தா உன் மூஞ்சிதான் வருது.”

செல்லப்பன் எழுந்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் பேசாமல் இருந்தால் போதும். பெருந்தன்மையான அப்பா என்ற பெயர் சும்மாவே கிடைக்கும். ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் அவள் அழுகிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் அவருக்குத் தாங்காது.

“அழாத,” என்றார். “நீ ஒண்ணும் பெருசா வித்துடல. அது புதுசு இல்ல.”

“இன்னாது?”

“பாய் கடைல வாங்கினதுதான் அது. பழசு. ஒரு காலு மாங்கட்டை.”

வெண்மதி கண்ணைத் துடைத்தாள். கலக்கம் போய்விட்டது. செல்லப்பன் எதிர்பார்த்ததைவிட முழுசாகவே போய்விட்டது.

“பழச வாங்கிதான் மண்டபத்து வாசல்ல ரிப்பன் கட்டி நிறுத்தினியா?”

“அது வந்தும்மா—”

“நான் டேபிள் கேட்டதுக்கு ஆபீஸா தொறக்கப் போறன்னு கேட்ட. பழைய கட்டில் வாங்கற காசுக்கு புது டேபிளே வந்திருக்கும். நான் ரெண்டு மாசமா சோறு எறங்காம கெடந்தேன், நைனாவுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு. அந்த பாய் வேற புது வெலை குடுத்து நஷ்டப்பட்டுட்டாரேன்னு அவரை நெனச்சும் பாவப்பட்டேன்.”

“பாய்க்கு நீ பாவப்பட வேணாம்,” என்றார் செல்லப்பன். அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். அம்மாக்கண்ணு ஈரக்கையோடு கதவருகில் நின்றிருந்தாள். கட்டிலையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப பீரோ?” என்றாள்.

“பீரோ புதுசு.”

“ஆர்டர் குடுத்து செஞ்சதா?” என்று வெண்மதி கேட்டாள்.

“சத்தியமா புதுசும்மா. திண்டிவனத்துல கடைலயே வாங்கினேன். பில்லு இருக்குது.”

“எங்க?”

செல்லப்பன் சட்டைப்பையில் தேடினார், அலமாரியில் தேடினார், கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவிலும் தேடினார். பூச்சிமருந்துக் கம்பெனி பில் எல்லாம் வருடவாரியாக இருந்தது, பீரோ பில்லைத்தான் காணோம். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் காபி குடித்துக்கொண்டு, பீரோவுக்குள் கதவை ஒட்டி ஒரு கீறல் இருக்கிறதே, அது எப்போதிலிருந்து என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செல்லப்பன் திண்டிவனம் கிளம்பினார். ஏழு மாதத்துக்கு முந்தைய பில்லுக்கு நகல் வேண்டும் என்று வந்து நின்றவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, “எதுக்கு சார், விக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.