தூசி மேல் போட்ட பழி

லாரிக்கு அடியில் போகிற வித்தை மாப்பிள்ளைக்கு இன்னும் கைவசம் இருந்தது. பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டி, அப்புறம் இன்னொரு முட்டி, பிறகு பக்கவாட்டில் சரிந்து ஒரு உருளல். அவ்வளவுதான். வெளியே வருகிற வித்தைதான் கொஞ்சம் கொஞ்சமாய்க் கை நழுவிக்கொண்டே வந்து, இன்றைக்குப் பார்த்து, மாமனாரும் ஷாக் அப்சார்பர் விற்கிற கடைக்காரரும் பக்கத்தில் நிற்கும்போது, ஒரேயடியாய்க் கைவிட்டுவிட்டது.

"ஷாக்குல எண்ணெய் கசியுதா மாப்பிள்ளை?" என்றார் மாமனார். கீழிருந்து பார்க்க அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"கசியுது மாமா. ரெண்டு பக்கமும்."

"சரி, வெளிய வாங்க."

"இருங்க, அப்படியே ஸ்பிரிங் பட்டையையும் ஒரு பார்வை பார்த்துடறேன்."

பட்டையில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை. இடுப்பிலிருந்து இடது கால்வரை நெருப்பாய் ஒரு இழுப்பு. புரளலாம் என்று தோளைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. கால் இருந்தது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூக்குக்கு நேர் மேலே பாரவண்டியின் அச்சு. இந்தப் பக்கம் சக்கரம், அந்தப் பக்கம் சக்கரம்.

'முதுகு போச்சு மாமா' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல்லலாம், யார் வேண்டாம் என்றது? சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சியாகத்தான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே. மாமனாருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. இதே லாரியை இவனுக்கு முன்னால் ஓட்டியவர். முதுகு போன அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் கேட்டு மாமா. வண்டி வந்தால் திறப்பார், போனால் மூடுவார். வேளா வேளைக்குச் சோறு வந்துவிடும், யாரும் ஒரு குறை வைக்கவில்லை. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை யோசனையும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இவனோ வீட்டோடு மாப்பிள்ளை. குடியிருப்பது மாமனாரின் லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் மாமனார் வீட்டில். சொந்தமென்று இருப்பது அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். மலை உச்சியில் சுரங்கப் பாதை தோண்டுகிற இடத்துக்கு சிமெண்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு, பாதையே இல்லாத பாதையில் ஏறுகிற அந்த நேரத்தில் மட்டும் அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. அதையும் விட்டுவிட்டு இரண்டாவது நாற்காலி போட்டு உட்காருவதா? தினமும் காலையில் சட்டைக்குள்ளே இடுப்பில் துணியை இறுக்கிச் சுற்றிவிடுகிற மனைவி, "அப்பாகிட்ட நான் சொல்லிடறேங்க" என்பாள். "சொன்னா இந்த வீட்ல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்" என்று அவளையும் கட்டிப்போட்டு வைத்திருந்தான்.

வெளியே பேச்சு தொடர்ந்தது. "நல்லா கெட்டியா ஒண்ணு கொடுங்க. பாரம் தாங்கணும்" என்றார் மாமனார்.

"பாரம் தாங்குறது ஷாக் இல்லீங்க, பட்டை" என்றார் கடைக்காரர். "பட்டை ஆடுற ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. முழு பாரத்தோட ஏறும்போது கெட்டியாத்தான் இருக்கணும், வாஸ்தவம். இறங்கும்போது?"

"காலியா வரும்."

"அங்கதான் வினை. காலி வண்டியில கெட்டி ஷாக் இருந்தா, சக்கரம் மண்ணைப் பிடிக்காம துள்ளும். பள்ளத்துல விழுற ஒவ்வொரு அடியும் நேரா ஓட்டுறவர் முதுகுலதான் இறங்கும். டிரைவருக்கு முதுகு எப்படி?"

மாமனார் சிரித்தார். "எங்க மாப்பிள்ளைக்கா? சிங்கம். இதோ கீழ படுத்திருக்காரே."

சிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையை வெறித்தது.

"அப்படின்னா திருகுற ஷாக் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். "இதோ, அடியில ஒரு வளையம் இருக்கு பாருங்க. பாரம் ஏத்தினா இறுக்கணும். மேல போய் இறக்கினதும் வண்டிக்கு அடியில படுத்து ரெண்டு பக்கமும் தளர்த்திடணும். நிமிஷ வேலை."

நிமிஷ வேலையாம். ஒவ்வொரு நடைக்கும் இரண்டு தடவை படுப்பது, இரண்டு தடவை எழுவது. மேலே கம்பி இறக்குகிறவர்களில் ஒருவரைத் திருகச் சொல்லலாமே என்றால், முதல் நாள் செய்வார்கள், மறுநாள் ஏனென்று கேட்பார்கள், அதற்கடுத்த நாள் செய்தி லாரியை முந்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

"அது சரிப்படாது மாமா" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தான். "மலை மண்ணு மாவு மாதிரி. வளையத்துக்குள்ள தூசி அடைச்சிக்கும். அப்புறம் யாராலயும் திருக முடியாது. சாதா கெட்டி ஷாக்கே போடுங்க."

"ரப்பர் மூடி இருக்குங்க, தூசி போகாது."

"கொஞ்சம் இருங்க" என்றார் மாமனார். "எங்க அண்ணனும் அப்ப இதையேதான் சொன்னார். இந்த வண்டி வாங்கினப்ப திருகுற ஷாக்தான் இருந்தது. தூசி அடைக்குது, பிடுங்கிட்டு கெட்டியா ஒண்ணு போடுன்னு ஒரே நச்சரிப்பு. மாத்தினேன். ஓட்டுறவங்க ரெண்டு பேரும் ஒண்ணு போல சொன்னா, அதுக்கு மேல என்ன பேச்சு? அடுத்த மாசம் என் பையன் சின்னவனுக்கு ஒரு வண்டி வருது. அதுக்கும் கெட்டியே கொடுத்துடுங்க. வாங்க, உள்ள போய்ப் பேசுவோம்."

இரண்டு ஜோடிச் செருப்பும் அலுவலக அறைப் பக்கம் நகர்ந்தன. நினைத்தது நடந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கு வாய் ஜெயித்துக் கொடுத்ததே கேடாய் வந்து நின்றது. தினம் தினம் காலி வண்டியில் எலும்பை உலுக்குகிற அந்த இறக்கத்தை இன்னும் எத்தனை காலம்?

அப்போதுதான் மாமனார் சொன்னது மண்டையில் ஏறியது. அண்ணனும் இதையேதான் சொன்னார். இரண்டு சக்கரத்துக்கு நடுவே பார்த்தால் கேட்டோரம் நாற்காலிக் கால்களும் வெடித்த குதிகால்களும் தெரிந்தன. அந்த மனுஷனும் படுத்து எழ முடியாமல்தான் தூசி மேல் பழியைப் போட்டிருக்கிறார். அவர் போட வைத்த கெட்டி ஷாக்தான் இவன் முதுகை இத்தனை வருஷமாய் இடித்து நொறுக்கியது. எழுந்து போய் அந்த நாற்காலியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. எழ முடிந்தால்தானே.

குதிகால்கள் அசைந்தன. சாய்ந்து சாய்ந்து லாரியை நோக்கி வந்தன. சக்கரம் வைத்த பலகை ஒன்று கிரீச்சென்று அவன் தோளருகே உருண்டு வந்தது.

"தோளை மட்டும் இது மேல வைங்க. இடுப்பைத் தூக்காதீங்க" என்றார் கேட்டு மாமா. "நான் இழுக்கறேன்."

எல்லாம் தெரிந்தவர் பேசுகிற பேச்சாக இருந்தது. இழுத்தார். அவருக்கும் வலித்திருக்க வேண்டும், முனகல் கேட்டது. வெளிச்சத்துக்கு வந்த மாப்பிள்ளை மல்லாந்தபடியே அவரைப் பார்த்தான்.

"உங்க காலத்துல வளையம் நிஜமாவே தூசியில அடைச்சிச்சா மாமா?"

"இல்ல. வெண்ணெய் மாதிரி திரும்பும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க ஏன் சொன்னீங்க?"

மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பின கதைதான். அவரைத் திட்ட எடுத்த ஒவ்வொரு வார்த்தையும் தன் முகத்திலேயே விழும்.

"எனக்கு அப்புறம் ஒருத்தர் அந்த சீட்டுல உட்காருவார்னு தோணவே இல்ல" என்றார் அவர். "என் வலி மட்டும்தான் தெரிஞ்சது. நீங்க நடக்கறதை தினமும் பார்க்கறேன். சொல்லத்தான் வாய் வரல."

அவர் கொடுத்த கையையும் டயரையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அலுவலக வாசலில் சின்னவனின் சிரிப்பு கேட்டது. மனைவியின் தம்பி. 'அத்தான் அத்தான்' என்று காலைச் சுற்றுகிறவன். டீ குடிக்கும்போதுகூட ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவன். சுவரேறிக் குதித்துதான் வீட்டுக்குள் வருவான். அடுத்த மாதம் அவன் அந்த இறக்கத்தில் இறங்குவான். கெட்டி ஷாக்கில்.

மாமனார் அட்டைப் பெட்டியோடு வந்தார். "மாட்டச் சொல்லிடலாமா?"

"திருகுறதே போடுங்க மாமா. ரெண்டு வண்டிக்கும்."

"தூசி அடைக்கும்னீங்க?"

"அடைக்காது."

"இப்பதானே சொன்னீங்க?" மாமனாரின் குரல் ஏறியது. "விளையாடறீங்களா?"

மாமனார் காலடியில் ஒரு ஸ்பானர் கிடந்தது. அதை எடுக்க மாப்பிள்ளை வேண்டுமென்றே குனிந்தான். பாதி குனிந்து அப்படியே நின்றான். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, பார்க்கட்டும் என்றும் இருந்தது.

சின்னவன் ஓடி வந்து தாங்கி நிமிர்த்தினான். "என்னாச்சு அத்தான்?"

மாமனார் மருமகனைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். இரண்டு பேர் சொன்ன தூசிக்கும் பின்னால் இருந்தது முதுகுதான் என்று மாமனாருக்கு விளங்கிவிட்டது; இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"திருகுறதே கொடுங்க, ரெண்டு வண்டிக்கும்" என்று கடைக்காரரிடம் சொன்னார். அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, கோபமில்லாமல், உள்ளங்கையை நீட்டினார். "சாவி."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கை லேசானது; மனசு ஆகவில்லை.

கேட்டு மாமா நொண்டிக்கொண்டே முன்னால் போய், தன் நாற்காலியை நிழலுக்குள் ஒரு ஓரமாய்த் தள்ளினார். காவல் அறைக்குள்ளிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுத் துண்டால் தட்டினார்.

"உட்காருங்க மாப்பிள்ளை."

"உட்கார்ந்தா இன்னும் வலிக்கும் மாமா."

"தெரியும்" என்றார் அவர். "உட்காருங்க."