பொட்டு வைத்த இன்சுலேட்டர்

ஸ்வாமிநாதன் வீட்டு ஆயுத பூஜையில் மிக்ஸிக்குப் பொட்டு உண்டு, ஸ்கூட்டருக்கு உண்டு, சப்பாத்திக் கட்டைக்குக்கூட உண்டு. எட்டு வருஷமாகப் பொட்டே காணாதது மொட்டைமாடியில் தொங்கும் இன்சுலேட்டர் ஒன்றுதான். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குமே, குடை குடையாக அடுக்கிய ரப்பர் தண்டு, அது.

"அது பக்கமே போகாதே, பார்கவி. மூச்சுக்கூடப் படக்கூடாது" என்பார் மனைவியிடம். வேலைக்காரியிடம் ஹிந்தியிலும் சொசைட்டி வாட்ச்மேனிடம் மராத்தியிலும் அதையே சொல்லிவைத்திருந்தார்.

காரணம் இருந்தது. தான் வேலை பார்க்கும் சிஞ்ச்வட் கம்பெனியில் அவரே கலவை போட்டுச் செய்த சிலிக்கான் ரப்பர் அது. கம்பெனிக்கு மெஷின் சோதனையே போதுமாயிருந்தது, இவருக்குப் போதவில்லை. அவர்கள் குடியிருந்த வானவடியின் வெயிலும் மழையும் புழுதியும் புறா எச்சமும் படட்டும் என்று மாடியில் தொங்கவிட்டார். எவ்வளவு அழுக்கு ஏறினாலும் மேலே தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். படலமாகப் பரவினால் மின்சாரம் அந்த ஈரத்திலேயே ஊர்ந்து ரப்பரைப் பொசுக்கிவிடும்.

பூஜைக்கு மறுநாள் காலை, வாங்குகிறவர்கள் தரப்பு இன்ஜினியர் ஸ்டெல்லா அதைப் பார்க்க வருவதாக இருந்தது. தேறினால் கொங்கண் கடலோர மின்லைன் முழுக்க அவருடைய ரப்பர். தேறாவிட்டால், அவர் ரிட்டயர் ஆவதற்குள் அந்தக் கலவை ஒரு கம்பம்கூட ஏறாது.

பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்யும்! பூஜை முடிந்ததும் சந்தனம், குங்குமக் கிண்ணங்களோடு மாடியேறி, குடைக்குக் குடை பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் நம் விஞ்ஞானி. விடிந்ததும்தான் புத்தி வந்தது. ஸ்டெல்லா பார்த்தால் மானம் போகுமே என்று பாத்திரம் தேய்க்கிற சோப்பை எடுத்து, பொட்டோடு எட்டு வருஷ அழுக்கையும் சேர்த்துத் தேய்த்துத் தள்ளினார்.

ஸ்டெல்லா பக்கத்துத் தேஹு ரோட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர் நடத்திய பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவள். ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து அடித்தாள். தண்ணீர் உருளவில்லை. தோசைக்கல்லில் மாவு மாதிரி பரவியது.

காபியோடு வந்து நின்ற பார்கவி, "ஏன்னா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றாள். பார்கவிதான் கழுவிவிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஸ்வாமிநாதனுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் ஸ்டெல்லா குனிந்து ஒரு குடையின் அடிமடிப்பைப் பார்த்தாள். "சார், இதென்ன செவப்பா?"

"குங்குமம்மா. நான்தான் வெச்சேன். அப்புறம் நானே சோப்புப் போட்டுத் தேச்சேன்."

பார்கவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. வெறும் தண்ணீரால் சோப்பு போக அலசிவிட்டு, "மூணு நாள் யாரும் தொடாதீங்க. உள்ளேர்ந்து எண்ணெய் கசிஞ்சு வந்து தானா சரியாயிடும்னு நீங்கதானே சார் கிளாஸ்ல சொன்னீங்க? வந்து பாக்கறேன்" என்றாள்.

அதைத்தான் இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கென்று வந்தபோது நினைவு வரவில்லை. அந்த மூன்று நாளும் மாடிக் கதவைப் பூட்டி, சாவியைப் பார்கவியிடமே கொடுத்துவைத்தார். ஆபத்தான ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டதே.

சொன்னபடி ஸ்டெல்லா வந்து தண்ணீர் அடித்தாள். முத்து முத்தாகத் திரண்டு, குடையிலிருந்து குடைக்கு உருண்டு விழுந்தது. ஸ்வாமிநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பாஸ் சார். கொங்கணுக்கு அனுப்பிடலாம்" என்றாள். பாட்டிலைப் பையில் போட்டவள் திரும்பினாள். "ஆனா அங்க யாரும் பொட்டு வெக்காம பாத்துக்கணும்."

"அவ்வளவு உசரக் கம்பத்துல யாரும்மா ஏறுவா?"

ஸ்டெல்லா பார்கவியைப் பார்த்தாள். பார்கவி ஸ்வாமிநாதனைப் பார்த்தாள். அவருக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.