கொழுந்துச் சாக்குகளின் மேல்

கண்டியில் பயிற்சி மண்டபத்துத் தரையில் மண்டியிட்டு, ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள் யசோதா. ஆம்புலன்சில் வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி அது. பாடம் முழுக்கச் சிங்களத்தில். விளங்காத இடங்களில் பக்கத்தில் இருப்பவளின் கைகளைப் பார்த்துச் செய்தாள். ராத்திரி போனில் அப்பா வீரையா, "பொம்ம கண்ணத் தொறந்துச்சா புள்ள?" என்று கேலி செய்வார்.

சனிக்கிழமை லீவில் மடுல்கெல்லைத் தோட்டத்துக்கு வந்தவள் வீட்டில் உட்காரவில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மேல் டிவிசன் மடுவத்துக்கு ஏறினாள். எடை போட்ட கொழுந்துச் சாக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த வீரையா, கடைசிச் சாக்கை உள்ளே தள்ளிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி அவள் கண்ணெதிரிலேயே சரிந்தார்.

மூச்சு இருந்தது. அவள் ஆம்புலன்சுக்குப் பேசினாள். மழையில் அரித்த பாதையில் வண்டி ஏறாது, பெரிய ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். பேசிவிட்டுத் திரும்புவதற்குள், ரோட்டில் குலுங்காமல் மெத்தென்று இருக்கட்டும் என்று கொழுந்து கொண்டுவந்திருந்த அம்மா மூக்காயியும் மற்றப் பெண்களும் அவரைச் சாக்குகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். லொறி புறப்பட்டது.

பாதை வளையும் இரண்டாவது முடக்கில் மூச்சு நின்றது. யசோதா அமுக்கினாள். நெஞ்சு அமுங்கவில்லை. அடியிலிருந்த கொழுந்துதான் அமுங்கியது. முழு பலத்தோடு அழுத்தினாள், அவர் உடம்பு முழுவதும் சாக்குக்குள் புதைந்தது. முன்பக்கத் தகரத்தைத் தட்டினாள். டிரைவர் அழகர் நிறுத்தினார்.

"மாமா, பலகையில படுக்க வைக்கணும். நாலு சாக்க மட்டும் எறக்குங்க."

அழகர் பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை ராஜரத்தினத்தைப் பார்த்தார். ராஜரத்தினம் வானத்தைப் பார்த்தார்.

"ரோட்டுல எறக்கி நனைஞ்சா தொரைக்கு யாரு பதில் சொல்றது? பேக்டரி கீழதான இருக்கு. எறக்கிட்டு நேரா ஆம்புலன்சுக்குப் போகலாம்."

"அப்ப அப்பாவ ரோட்டுல எறக்குறேன்."

"எறக்கு. லொறி நிக்காது."

வேறு வண்டி இல்லை. அவள் மறுபடி சாக்கில் ஏறினாள். லொறி குலுங்கும்போதெல்லாம் கை நழுவியது. அம்மா வீரையாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா புள்ள, வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேக்டரியில் ஆட்கள் பின்கதவைத் திறந்து சாக்குகளை இழுத்தார்கள். பலகை தெரிந்த இடத்துக்கு அப்பாவை இழுத்துப் போட்டாள் யசோதா. இப்போது நெஞ்சு அமுங்கியது. சரியான ஆழத்துக்கு அமுங்கி, சரியாக எழும்பியது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் நிறுத்தவில்லை.

வீரையாவின் இடுப்புக்கு அடியில் கிடந்த சாக்கு தராசில் ஏறியது. தராசுக்காரர் அதைத் தடவிப் பார்த்துக் கையை முகர்ந்தார்.

"இது நனைஞ்சிருக்கு" என்றார். "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிப் போடுங்க."