நடுவர் தலைமேல் புகை

அமெரிக்காவின் காப்பெல் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் ஹலால் பார்பிக்யூ போட்டியில் தவறான மார்க் போடும் நடுவரின் தலைமேல் அடுப்புப் புகை வந்து உட்கார்ந்துகொள்ளும். சரியான மார்க்கை அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை எழுந்து போகாது. டெக்சஸ் வெயிலைப் போல இதற்கும் ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். ஆனாலும் போட்டிக் குழு தன் பங்குக்குச் சில விதிகளை வைத்திருந்தது. கறி, பெயர் இல்லாத பெட்டியில், வெறும் எண்ணோடு வரும். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. ஒரு பெட்டிக்கு ஒரு நடுவர்தான், அவர் சுவைத்துவிட்டு ஒன்பதுக்கு எத்தனை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மென்பொருள் வேலையில் இருக்கும் சேக் தாவூத் முதல்முறை நடுவராக உட்கார்ந்த ஆண்டு, ஒரு பெட்டியைத் திறந்ததுமே கல்பாசி மணத்தது. பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறியில் கல்பாசி போடுகிற ஆள் அந்த ஊரில் ஒருவர்தான், சேக் தாவூதின் மனைவி தாஜ் நிஷா. கறியோ செருப்புத்தோல் போல இருந்தது. புகையைச் சமாளித்துவிடலாம், வீட்டைச் சமாளிக்க முடியாது என்று கணக்குப் போட்டு, மனிதர் ஒன்பது எழுதினார். தாஜ் நிஷாவுக்குக் கோப்பை கிடைத்தது, கணவருக்குப் புகை கிடைத்தது. அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைத்தார், ஜும்ஆ தொழுகையில் கடைசி வரிசையில் நின்றார். வீட்டில் மட்டும் ஒளிய இடமில்லை.

"என்னங்க, ஹானஸ்ட்டா சொல்லுங்க. என் பிரிஸ்கெட்டுக்கு எவ்ளோ போட்டிருக்கணும்?"

"நாலு," என்றார். புகை கலைந்தது. தாஜ் நிஷா அழுதார். சமையலுக்காக அல்ல, இத்தனை வருடமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்ட "சூப்பர்"களில் எதை நம்புவது என்று தெரியாமல் அழுதார். கோப்பையைத் தானே கார் ஓட்டிக்கொண்டு போய், இரண்டாவதாக வந்த கஜனிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு சேக் தாவூதுக்கு வீட்டில் சோறு உண்டு, பேச்சு கிடையாது. அந்த ஆண்டு முழுக்கப் பின்கட்டு அடுப்பு அணையவே இல்லை.

அடுத்த போட்டியிலும் கல்பாசி மணத்தது. கறி வாயில் வைத்ததும் கரைந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் மறுபடி பொண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, தன் நேர்மையைக் காட்ட ஐந்து எழுதினார். பேனாவை மூடுவதற்குள் புகை வந்துவிட்டது, போன தடவையைவிட இரண்டு மடங்கு. கோப்பை மீண்டும் கஜனுக்கே போனது.

கூட்டத்தில் நின்ற தாஜ் நிஷா புகையைப் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தார்.

"கம்மியா போட்டீங்களா? அப்போ நல்லா இருந்துச்சா!"

"ஸாரிம்மா, இப்பவே அனௌன்ஸ் பண்ணிடறேன். கரெக்ட் மார்க்கு..."

தாஜ் நிஷா அவர் வாயைப் பொத்தினார். "சொல்லாதீங்க. கப்பு கஜன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இது போதும்."

கோப்பையைக் கணவன் தயவில்கூட வாங்கிவிடலாம், புகையை அப்படி வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். சேக் தாவூத் இன்றுவரை அந்த எண்ணைச் சொல்லவில்லை. அவர்களை விருந்துக்கு அழைக்கிறவர்கள் முதலில் ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு கதவைத் திறக்கிறார்கள்.