கண்ணாடிக் குழாய்க்குள் புகுந்தவை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, கேட்டு வாங்கியது. 1962 மாசியில் போத்தனூர் ஜங்ஷனில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் பத்மாவதி. கோயமுத்தூரில் ஒரு விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர், வயது இருபத்தாறு. அவர் சொல்லச் சொல்ல, ரயில் இன்னும் தாமதமாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"பாக்டீரியாக்கள் பசித்திருந்தன" என்று தொடங்கி எழுதி அவருக்கு அனுப்பினேன். ஓரத்தில் குறிப்போடு திரும்பி வந்தது: "பசி உங்களுக்குங்க. அதுகளுக்கு என்னன்னு நமக்குத் தெரியாது. அடிச்சுப்போடுங்க."

அடித்துவிட்டேன்.

2

நடந்தது இது. நிலக்கடலை வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியா, அத்தனை மண்ணில் அந்த வேரை எப்படிக் கண்டடைகிறது? பத்மாவதி ஊசியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் வேர்ச்சாற்றை நிரப்பி, பாக்டீரியா நீந்தும் துளிக்குள் அதன் வாயை வைத்தார். இருபதே நிமிடம். நுண்ணோக்கியில் குழாய் வாயெங்கும் நெரிசல். (தேர்த் திருவிழாவுக்கு வந்த கூட்டம் போல... வேண்டாம், இதையும் அடிப்பார்.)

துறைத் தலைவர் சீனிவாசலு நம்பவில்லை.

"தண்ணியோட்டத்துல மெதந்து வந்திருக்கும்மா. வெறுந்தண்ணி நிரப்பின குழாயும் ஒண்ணு பக்கத்துல வெச்சுக் காட்டு. அதுல கூடலைன்னா ஒத்துக்கறேன். கூடுச்சுன்னா இதை உட்டுப்போட்டு விதை எண்ணற வேலைக்குப் போயிரு."

வெள்ளிக்கிழமை தலைவர் முன்னாலேயே பத்மாவதி இரண்டையும் வைத்தார். இரண்டிலும் கூட்டம்.

"திங்கக்கெழமையிலிருந்து விதைப் பிரிவு" என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்து போனார்.

3

இந்த இடத்தில் நான் பத்மாவதியை அழ வைத்திருந்தேன். "நான் அழுவலீங்க. குழாய் மேலதான் சந்தேகம் வந்துச்சு" என்று குறிப்பு வந்தது.

அன்று மாலையே கோட்டைமேட்டுக்குப் போனார். நாகூர் மீரான் அங்கே கண்ணாடியை உருக்கிக் குழாய் இழுத்துக் கொடுப்பவர். (அவர் குணத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன், கைகள் போதும்.) சுடரில் சிவந்த கண்ணாடியை இரு கைகளாலும் இழுத்தார், நூலாக நீண்டது. ஆறியதும் துண்டு போட்டார். டீ டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழாயை வாயில் வைத்து ஊதினார்.

"ஏனுங்க பாய், எல்லாக் குழாயையும் இப்படித்தான் ஊதுவீங்களா?"

"ஊதிப் பார்க்காம எப்படிங்க அம்மணி குடுக்கறது?"

"டீக்கு எத்தனை சர்க்கரைங்க?"

"மூணு கரண்டி. ஏனுங்க?"

பத்மாவதி சிரித்த சிரிப்பில் மீரான் பயந்துபோய்ச் சுடரை அணைத்துவிட்டாராம்.

"நீங்க ஊதினதுல ஒட்டினது நாலே நாலு பொட்டுச் சர்க்கரைங்க பாய். அதையும் மோந்து புடிச்சிருக்குதுங்க!"

(பசியை அடிக்கச் சொன்னவர், 'மோந்து' என்று அவரே சொன்னார். நான் சுட்டிக்காட்டவில்லை.)

4

சனியும் ஞாயிறும் குழாய்களைக் கொதிநீரில் போட்டுப் போட்டு எடுத்தார். திங்கட்கிழமை விதைப் பிரிவுக்குப் போகாமல் தலைவர் அறை வாசலில் நின்றார்.

"ஒரே ஒரு தடவை பார்த்துப்போடுங்க சார்."

வேர்ச்சாறு வைத்த குழாயில் நெரிசல். தண்ணீர்க் குழாயில் வழி தவறிய ஒன்றிரண்டு மட்டும். மூன்றாவது குழாயில் தண்ணீரோடு கொஞ்சம் மீரானின் டீ: அங்கேயும் நெரிசல்.

தலைவர் கைகொடுத்துப் பாராட்டினார் என்று எழுதியிருந்தேன். குறிப்பு: "அதெல்லாம் இல்லீங்க. மைக்ராஸ்கோப்புல வெச்ச கண்ணை எடுக்கவே இல்லை. சாப்பாட்டு மணி அடிச்சும் எந்திரிக்கலை. அப்புறம் விதைப் பிரிவுக்கு ஆள் அனுப்பி, 'அந்தப் புள்ளை வராது'ன்னார்."

5

ரயிலுக்குள்ளும் அவர் பேச்சு நிற்கவில்லை.

"இத்துனூண்டு உடம்புங்க. முன்னாலயும் பின்னாலயும் சாறு கிட்டத்தட்ட ஒரே அளவுதான இருக்கும்? அப்ப, கிட்டப் போறோமா தள்ளிப் போறோமான்னு எப்படித் தெரியுது? ஒரு நொடிக்கு முந்தி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருந்தாத்தானுங்க தெரியும்?"

"பாக்டீரியாவுக்கு ஞாபகமா?"

"அதைத்தானுங்க இனிப் பார்க்கோணும்."

ஈரோட்டில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டார். இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கண்டுபிடிக்கிறார், இன்னொன்றில் தோற்கிறார். இரண்டையும் கிழித்தேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி முடிப்பது? இதைப் படிக்கும் நாளில் ஒருவேளை உங்களுக்கு விடை தெரிந்திருக்கலாம். தெரிந்தால், இதற்குக் கீழே நீங்களே எழுதி முடியுங்கள்: