உள்பக்கம் இல்லாத சட்டை

லீலாதேவி டீச்சருக்கு இடது கை தோளுக்கு மேல் எழாது. யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டு முற்றத்தில் விழுந்த செல் குண்டின் துண்டொன்று தோள்மூட்டில் தங்கிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். துண்டு வந்தது, கை வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியென்று கட்டுக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அப்பா மாநகரசபைக் கிளார்க். வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் பதிய வேண்டும் என்பதால், அவரே டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் பதிந்துவிட்டு வந்தார். நான் பேராதனையில் விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் அம்மாவின் மெஷினில் தைத்தேன். தைக்கும்போது யாரும் என்னோடு பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு பிற்பகல் டீச்சர் நான் தைக்கும் இடத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒரு கையால போட்டு ஒரு கையால கழட்டக்கூடிய உடுப்பு தைக்க ஏலுமோ?"

நான் மெஷினை நிறுத்தினேன்.

"அடுத்த தவணைக்கு நான் பள்ளிக்கூடத்தில நிக்கவேணும். தரைப்பாதை பூட்டு. யாழ்ப்பாணம் போகத் திருகோணமலையில கப்பல் ஏறவேணும். அங்க துறைமுகத்தில செக் பண்ணுற கொட்டில் ஒண்டு இருக்கு. பொம்பிளையளைப் பொம்பிளை ஆமிதான் பாக்கிறது. சட்டையைக் கழட்டச் சொல்லுவாளவை. தழும்பைக் கண்டா இன்னும் வடிவாப் பாப்பாளவை."

"ஆஸ்பத்திரியில குடுத்த துண்டுக் கடிதம் இருக்குதுதானே, டீச்சர்?"

"துண்டைப் பாத்திட்டு விடுவாளவை. அது பிரச்சினை இல்லை. வரேக்க கழட்டின சட்டையை எனக்குத் திருப்பிக் கொளுவத் தெரியேல்லை. இந்தக் கையை வைச்சுக்கொண்டு கொக்கியைப் பிடிக்க ஏலாது. பின்னால வரிசை நிக்குது. அவள் போ போ எண்டுறாள். சீலையைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்தன். வெளியில என்ர பழைய மாணவன் ஒருத்தன் நிண்டவன். அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்."

இடது கையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார்:

"போகேக்க நானே கழட்டி நானே போடவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். தினமும் காலையில் டீச்சருக்குக் கொக்கி மாட்டிவிடுவது அம்மாதான்.

"அப்ப நம்ம உத்தியோகம் போச்சா? என்னையும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போங்க டீச்சர். கொக்கி மாட்டுற வடிவம்மான்னு ஒரு பாஸ் எடுத்திருவோம்."

"வாங்கோக்கா. அங்க வந்து எங்கட வெய்யில்ல ஒரு நாள் நிண்டு பாருங்கோ, நீங்களே கப்பலுக்கு ஓடுவியள்."

அந்த வெய்யிலையும் நான் யோசித்தேன். பருத்தியாக இருக்க வேண்டும், இழுபட வேண்டும், கொக்கி கூடாது. பெனியன் துணிதான் சரி. கழுத்தை இரண்டு தோள்முனைகள் வரை அகலமாக வைத்து, கைக்குழந்தைச் சட்டைக்குச் செய்வதுபோல முன்துண்டையும் பின்துண்டையும் தோளில் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டால் கழுத்து பெரிதாக விரியும். எழாத கையை முதலில் நுழைத்து, தலையைப் போட்டு, பிறகு நல்ல கை. பாவாடைக்கு இடுப்பில் இலாஸ்டிக். சட்டை இரண்டு, பாவாடை இரண்டு. எந்தச் சட்டையும் எந்தப் பாவாடையோடும் பொருந்த வேண்டும். கப்பலுக்காக எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைக் கழுவிக் காயப்போட்டால் மற்றதைப் போடலாம்.

துணிக்காக ஸெய்னுலாப்தீன் நானாவின் கடைக்குப் போனேன். அந்த வருடம் புத்தரின் பல் இருக்கும் மாளிகைக்குக் குண்டு வைத்த பிறகு அதன் முன்வீதியை மூடியிருந்தார்கள். சுற்றித்தான் கொழும்பு வீதிக்குப் போக வேண்டியிருந்தது. நானா பல்லேகல கார்மண்ட் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணிச் சுருள்களை எடுத்து வந்து விற்பவர்.

"வாங்க மகள். இன்டர்லொக் பெனியன் துணி வந்தீக்குது. தொட்டுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி. இதுக்கு நல்ல பக்கம் கெட்ட பக்கம் இல்ல, ரெண்டும் ஒண்டுதான். ஓரமும் சுருளாது."

இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்று கிறீம். மற்றது மங்கிய பச்சை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நன்றாக இருந்தது. டீச்சரிடம் நிறம் கேட்டிருக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்பதைவிட வாங்குவது எனக்கு இலகுவாக இருந்தது. பச்சைக்கு ஒரு பச்சை நூலும் பார்த்து எடுத்தேன்.

சுருளில் இழுபட்டுக் கிடந்த துணி தானாகச் சுருங்கட்டும் என்று ஒரு நாள் மேசையில் விரித்து வைத்தேன். வெட்டும்போது அகலவாட்டில் இழுபடும்படி வைத்து வெட்டினேன். எங்கள் மெஷின் நேர்தையல் மட்டும்தான் போடும். சாதாரணமாகத் தைத்தால், போடும்போது துணி இழுபடும், நூல் இழுபடாது, அறுந்துவிடும். முதல் துண்டில் அப்படித்தான் அறுந்தது. பிறகு துணியை இரு கையாலும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தேன். அறுபடவில்லை.

பச்சையில் ஒரு சட்டை, ஒரு பாவாடை. கிறீமில் ஒரு சட்டை, ஒரு பாவாடை. நான்கையும் டீச்சரின் கட்டிலில் விரித்துவிட்டு ஓரமாக நின்றேன்.

"அட, நல்ல கொழுந்து கலரு!" என்றார் அம்மா.

டீச்சர் கிறீம் சட்டையைத் தொட்டார். பச்சையைத் தொடவில்லை.

"பிள்ளை, நீர் எப்பவாவது வவுனியாவுக்கு அங்கால போயிருக்கிறீரோ?"

"இல்ல டீச்சர். மாத்தளைக்கு அங்கால போனதில்ல."

"அதான். இது ஆமிக்காரன்ர நிறம். மற்றவையின்ர நிறமும் இதுதான். சண்டை பிடிக்கிறவை ரெண்டு பகுதியும் நிறத்தில மட்டும் ஒற்றுமை. தோளில தழும்பையும் வைச்சுக்கொண்டு இதையும் பெட்டிக்குள்ள கொண்டுபோனா, நான் கப்பல் ஏறமாட்டன், ஜீப்தான் ஏறுவன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் அந்த நிறம்தான். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கிறீம் ரெண்டும் போதும், பிள்ளை. யோசியாதையும்."

போதாது என்று எனக்குத் தெரியும். மாற்ற ஒன்று வேண்டும். அன்று பின்னேரமே சிவப்புச் சாயம் வாங்கி வந்தேன். பச்சைமேல் சிவப்பு ஏறினால் மண்ணிறம் வரும். வெட்டிய மிச்சத் துண்டுகளில் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்று செங்கல்போல வந்தது, ஒன்று கறுத்துப் போனது. மூன்றாவது சரியாக வந்தது. பின்வாசலில் பெரிய சட்டியை வைத்து உப்பும் சலவைச் சோடாவும் போட்டுப் பச்சைச் சட்டைக்கும் பாவாடைக்கும் சாயமேற்றினேன். கல்யாண வீட்டுக் குழம்புபோல இருக்கிறது என்று அம்மா சொன்னார்.

காய்ந்த சட்டை நல்ல மண்ணிறமாக இருந்தது. கிறீமோடும் பொருந்தியது. ஆனால் கழுத்து, கைவிளிம்பு, கீழ்விளிம்பு எல்லாவற்றிலும் பச்சைக் கோடு ஓடியது. நூல் பொலியெஸ்டர். பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறாது. பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்.

வெளியே தெரிகிற தையல்களை மட்டும் பிரித்து மண்ணிற நூலால் திரும்பத் தைத்தேன். உள்ளே மூட்டுகளில் பச்சை அப்படியே இருந்தது. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு ஒத்திகை பார்த்தோம். டீச்சர்தான் கேட்டார். அவருடைய அறைக்குக் குறுக்கே அம்மாவின் சீலை ஒன்றைக் கட்டினோம். அதுதான் கொட்டில். நான் டீச்சரோடு உள்ளே நின்றேன். அம்மா ஆமிக்காரி ஆனார். கண்டியில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"இக்மன் கரன்ன! இக்மன் கரன்ன! பின்னுக்கு ஆள் நிக்குது, ம்ம், சீக்கிரம்!" என்று அகப்பையால் கதவைத் தட்டினார்.

"அவளவை உப்பிடிக் கத்தமாட்டாளவை, அக்கா. நீங்கள் அவளவையைவிட மோசம்."

டீச்சர் வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைப் பிடித்து இழுத்தார். சட்டை ஒரே இழுவையில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அதை மடியில் போட்டார். அப்போதுதான் கண்டேன். சட்டை உட்பக்கம் வெளியே வந்து கிடந்தது. மூட்டுகளெல்லாம் பச்சை.

"அதுகூடப் பரவாயில்லை," என்றார் டீச்சர். "இதைத் திருப்பவேணுமே."

சட்டையை முழங்காலில் விரித்து வலது கையை உள்ளே விட்டுத் திருப்பப் பார்த்தார். ஒரு கை திரும்பியது. மற்றது சுருண்டு உள்ளே போனது. பல்லால் பிடித்து இழுத்தார். அம்மா தட்டுவதை நிறுத்தியிருந்தார். டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விளங்குதே? கொக்கி இல்லை. ஆனா திரும்பவும் அதே கொட்டில்தான்."

நான் சட்டையை வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஒரு கையால் கழற்றினால் சட்டை புரளத்தான் செய்யும். அதை மாற்ற முடியாது. புரளாத சட்டைக்கு முன்பக்கம் பொத்தான் வேண்டும். பொத்தானும் கொக்கியும் ஒன்றுதான். வெட்டிய துண்டொன்றைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நானா சொன்னது சரி. இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று எனக்கே தெரியவில்லை. பெனியன் துணி வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பிரியாத ஓரத்தை உள்ளே ஒளிக்க வேண்டியதில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதைத் துணி வைத்திருக்கவில்லை. நான்தான் தைத்து வைத்திருந்தேன்.

இரண்டு சட்டைகளையும் முழுதாகப் பிரித்தேன். மடித்துத் தைப்பதற்குப் பதிலாக ஓரத்தை ஓரத்தின்மேல் படியவைத்து இரண்டு வரி தைத்தேன். விளிம்புகளை மடிக்கவில்லை, வெட்டியபடியே விட்டேன். முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே ஆழம். அப்படியானால் முன்பின் பார்க்கவும் தேவையில்லை. பச்சை நூல் ஒரு இழைகூட மிஞ்சாமல் எடுத்தேன். பாவாடைகள் கால் வழியே இறங்குவதால் புரளாது. ஆனாலும் அவற்றையும் அப்படியே தைத்தேன்.

இரண்டாவது ஒத்திகையில் அம்மா தட்டத் தொடங்கி, "இக்மன்" என்று சொல்லி முடிப்பதற்குள் சீலை விலகியது. டீச்சர் உடுத்திக்கொண்டு நின்றார். போட்டது எந்தப் பக்கம் என்று நான் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது உள்பக்கமா டீச்சர்?" என்று அம்மா கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? உங்கட மகளைக் கேளுங்கோ."

அடுத்த வாரம் அப்பா அவரைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதன்பிறகு டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பார். நான் வேறு எங்காவது பார்ப்பேன். டெலிபோன் எடுப்பது எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் அது அடித்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். எடுத்தேன்.

"பிள்ளையே? லீலாதேவி. திருகோணமலையில இருந்துதான். இஞ்ச கடல் சரியில்லையாம், இண்டைக்குக் கப்பல் இல்லை. உள்ளுக்கு விட்டுச் செக் எல்லாம் பண்ணிப்போட்டு, திருப்பி வெளியில அனுப்பிப்போட்டாங்கள்."

"செக்..." என்றேன்.

"ஓம், கழட்டச் சொன்னாள். கழட்டினன். தழும்பைப் பாத்தாள், துண்டைப் பாத்தாள், சட்டையின்ர தையலெல்லாம் தடவிப் பாத்தாள். பிறகு போடச் சொன்னாள். போட்டன். போட்டாப்பிறகு அவள் சிங்களத்தில ஏதோ சொல்லிக்கொண்டு கிட்ட வாறாள். ஓரத்தைப் பிடிச்சுக் காட்டுறாள். நான் மாறிப் போட்டிட்டனாம். திருப்பிவிடப் பாக்கிறாள். பாவம், சின்னப் பிள்ளை. எனக்கு அதை விளங்கப்படுத்தச் சிங்களம் எங்க இருக்கு? 'ஹரி, ஹரி', சரி சரி எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்திட்டன்."

அவர் சிரிப்பது கேட்டது. பின்னால் பஸ் சத்தமும் கேட்டது.

"நாளைக்குத் திரும்பவும் கழட்டவேணும். அது பரவாயில்லை. கிறீம் பாவாடையில தேத்தண்ணியை ஊத்திப்போட்டன். மண்ணிறம் கைவசம் இருக்கு."

"சரி டீச்சர்."

"பொறும், வைக்காதையும். இன்னொண்டு. பள்ளிக்கூடத்துக்கு நான் சீலைதானே உடுக்கவேணும். உள்ளுக்குப் போடுற சட்டையை இந்தத் துணியில தைக்க ஏலும் எண்டு எனக்குத் தெரியும். சீலை? ஒரு கையால கொசுவம் வைக்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். எனக்கு ஏற்கனவே தெரியும், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைத்துவிட்டு அம்மாவின் பழைய நூல் சீலை ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்தேன். இடது கையைப் பாவாடைநாடாவுக்குள் செருகி அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் முதல் மடிப்பைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது மடிப்பை எடுக்கும்போது முதலாவது விழுந்தது.

கொசுவத்தை முன்னதாகவே மடித்து, மேல்விளிம்பில் தைத்துவிடலாம். அதற்கு எவ்வளவு அகலம் என்று அளக்க அளவுநாடாவைத் தேடினேன்.